அருள்ராஜ் குடித்திருக்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஒரகடம் கூட்ரோட்டில், ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள்.

காரணம்? நான் குடித்திருந்தேனாம்!

சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், கல்யாண வீட்டில்கூட நான் பன்னீர் சோடாவைத் தாண்டியவன் இல்லை. முப்பது வருஷம் ஆலையில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. நான்கு வருஷமாகச் சுகர். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிற கெட்ட சகவாசம்.

அன்றைக்குக் காலை பேங்க்கில் ஒரு வேலை. "இட்லி வெந்துடுச்சு, ரெண்டு சாப்பிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி சாரதா. "வந்து சாப்பிடறேன், கூட்டம் சேர்ந்துடும்" என்றேன். சுகர் மாத்திரையை மட்டும் கடமை தவறாமல் போட்டுக்கொண்டேன். மாத்திரை விஷயத்தில் நான் ரொம்ப ஒழுங்கு. சாப்பிடுகிற விஷயத்தில்தான்...

பேங்க்கில் இரண்டு மணி நேரம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன்.

"எங்க சார் போவணும்?" என்றார் டிரைவர்.

சேரப்பணஞ்சேரி. பதினெட்டு வருஷமாக நான் குடியிருக்கிற ஊர். அந்தப் பேர் வரவில்லை! தெரியாமல் இல்லை. தெரு தெரிகிறது, வீட்டு வாசல் கேட் தெரிகிறது, கேட்டில் மாட்டிய பால் பை தெரிகிறது... பேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. "வீட்டுக்கு" என்றேன். அதுவும் நாக்கு ஒட்டிக்கொண்டு, 'வீழ்ழுக்கு' மாதிரி வந்தது.

"எந்த வூட்டுக்கு? எல்லாருக்கும்தான் வூடு கீது." பின்சீட்டில் சிரிப்பு. "இன்னா பெருசு, காலைலயே ஏத்திகினியா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "டேய்! ஒழுங்கா ஓட்டுடா!" என்று கத்தினேன். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

இறக்கிவிட்டார்கள்.

ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். சட்டை நனைந்து ஒட்டுகிற அளவுக்கு வேர்வை. கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. சாரதா என்னுடைய எல்லாச் சட்டையிலும் இரண்டு சாக்லேட் போட்டு வைப்பாள். "நான் என்ன எல்கேஜி பையனா?" என்று தினமும் கிண்டல் பண்ணுவேன். பேப்பரைப் பிரிக்கத் தெரியாமல், பேப்பரோடு சேர்த்துக் கடித்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். திடீரென்று, யாரோ ஸ்விட்ச் போட்டது மாதிரி, வாய்க்கு வந்தது — சேரப்பணஞ்சேரி! இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் தள்ளிப் போனார்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். பொறுமையாகத் திட்டினார். "மூளைக்குச் சர்க்கரைதான் சார் சாப்பாடு. அது கொறைஞ்சா யோசனை நிக்கும், நாக்கு குழறும், வேர்க்கும், கை நடுங்கும். சாதுவா இருக்கிறவங்ககூடக் கன்னாபின்னான்னு கத்துவாங்க. அப்புறம் சில பேருக்கு, என்ன பேசினோம்னே ஞாபகம் இருக்காது. பார்க்கிறவங்க குடிச்சிருக்காருன்னுதான் நினைப்பாங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. அதுதான் வினை. அந்த 'டேய்' ஞாபகம் இருந்தது. அதே 'டேய்'யை எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கதை உங்களிடம் அளந்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன?

அவர் பேர் அருள்ராஜ். சொந்த ஊர் வடக்குப்பட்டு. கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற எங்கள் பெயின்ட் ஷாப்பில் ஆபரேட்டர். நான் அங்கே ஷிஃப்ட் இன்சார்ஜ். என்னைவிட மூன்று வயதுதான் சின்னவர். ஆனால் நான் அவரை "வாப்பா, போப்பா, என்னய்யா பண்றே?" என்பேன். அவர் என்னை "சார்" என்பார். ஒன்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. அதில் தப்பு இருப்பதாக இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அருள்ராஜுக்கு நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர் மாதா கோயிலில் வேதம் வாசிப்பது அவர்தான். எங்கள் ஆலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாரும் வரிசையாக நிற்க, ஒருவர் பாதுகாப்பு உறுதிமொழியைப் படிக்கவேண்டும். மற்றவர்கள் திருப்பிச் சொல்லவேண்டும். தினமும் ஒரு ஆள் முறை. ஆனால் வெளியாட்கள் வரும் நாளில் மட்டும் முறையெல்லாம் கிடையாது — "அருளைக் கூப்பிடுப்பா!"

அன்றைக்கு எட்டு மணிக்குக் கஸ்டமர் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். பெரிய ஆர்டர். லைன் பளிச்சென்று இருக்கவேண்டும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் ஆறு மணிக்கு வந்து இறங்குவார்கள். நேராக கேன்டீன், இட்லியோ பொங்கலோ, அதன்பிறகு ஆறரைக்கு லைன். இதுதான் வழக்கம். நான் பஸ் வாசலிலேயே நின்று அறிவித்தேன்: "இன்னிக்கு டிபன் எட்டரைக்கு. எல்லாரும் நேரா லைனுக்கு வாங்க. க்ளீன் பண்ணணும்."

முணுமுணுத்தார்கள். ஆனாலும் போனார்கள்.

அப்போது எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மூன்று மாசமாக அருள்ராஜ் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே சொன்னால் 'அன்ஃபிட்' என்று லைனைவிட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயம். ஊசியை கேட்டுக்குள் கொண்டுவந்தால் செக்யூரிட்டி கேட்பான். அதனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வருவார். அரை மணியில் கேன்டீன் இட்லி. கணக்குச் சரியாக இருந்தது, நான் டிபனைத் தள்ளிவைக்கிற வரைக்கும்.

ஒரு மிட்டாய் வாயில் போட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கே போடுவது? பெயின்ட் ஷாப் யூனிஃபார்முக்குப் பாக்கெட்டே கிடையாது. பாக்கெட்டில் இருக்கிற தூசி, நூல், பேப்பர் எல்லாம் பெயின்ட்டில் விழும் என்று பாக்கெட் இல்லாமல் தைக்கச் சொன்னார்கள். சொன்னது யார்? நான்தான். அதற்கு மேடையில் சால்வை எல்லாம் போட்டார்கள்!

எட்டு மணிக்கு விருந்தாளிகள் வந்து நின்றார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று உறுதிமொழியையும் அதுவரை தள்ளிவைத்திருந்தேன். அருள்ராஜ் பேப்பரைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் வரி சரி. இரண்டாவது வரிக்குப் பதில் மறுபடி முதல் வரி. மூன்றாவது தரமும் அதே வரி. குரல் வழவழவென்று இழுத்தது. ஆட்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள், பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அருள்ராஜின் முகமெல்லாம் வேர்வை. கண் எங்கேயோ இருந்தது.

பக்கத்தில் போய்ப் பேப்பரைப் பிடுங்கினேன். "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

என்னைப் பார்த்தார். யாரென்றே தெரியாத பார்வை. அப்புறம், வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"டேய்... சாப்பிட விடுடா."

இரண்டே வார்த்தை என் காதில் விழுந்தது போல நடந்துகொண்டேன். ஒன்று 'டேய்'. இன்னொன்று அந்த 'டா'. நடுவில் அவர் சொன்னதும் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் வந்த மனுஷனுக்கு எது வேண்டுமோ அதைத்தானே எடுத்துக்கொள்வான்?

"குடிச்சுட்டு வந்திருக்கான். வெளியே அனுப்புங்க" என்றேன்.

கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். செக்யூரிட்டி வாயில் ஊதும் மிஷினை வைத்தார். "சார், ஜீரோ காட்டுதுங்க."

"இன்னொரு தரம்."

"ஜீரோதாங்க சார்."

"குடு இங்க" என்று வாங்கி நானே ஊதினேன். ஜீரோ. "பாத்தியா? எனக்கும் ஜீரோ காட்டுது. மிஷின் வேலை செய்யல!"

அந்தச் செக்யூரிட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குடிக்காத நான் ஊதினால் ஜீரோதானே காட்டும்? வேறு எதைக் காட்டும்? இது ஒரு குழந்தைக்குத் தெரியும். பாவம், அவர் கான்ட்ராக்ட் ஆள். "ஆமா சார்" என்று மிஷினை டிராயரில் வைத்துவிட்டார்.

தள்ளாடிக்கொண்டு நடக்கிற ஒரு மனுஷனைத் தனியாக ரோட்டில் விட்டுவிட்டு உள்ளே வந்தேன். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிற ரோடு அது.

கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் தேவகியக்கா. அவர்தான் ஓடிவந்து பிடித்திருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கும் சுகர். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. டம்ளரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்து, கையோடு ஒரு பன் கொடுத்திருக்கிறார். இருபது நிமிஷத்தில் அருள்ராஜ் தெளிந்து, "நான் எப்படி இங்க வந்தேன்?" என்று கேட்டாராம்.

பத்து மணிக்கு தேவகியக்கா கேட்டில் நின்று என்னைக் கூப்பிட்டார். விருந்தாளிகளை அனுப்பிவிட்டு வந்தேன்.

"இன்னா சார், படிச்சவருதான நீங்க? சுகர் கொறஞ்ச மனுசனுக்கும் குடிச்சவனுக்கும் வித்தியாசம் தெரியாதா? டீ ஆத்திகினு கீற எனக்குத் தெரியுது! ஒரு வாய் டீ குடுத்திருந்தா ஆச்சி. ரோட்ல தொரத்தி வுட்டீங்களே, லாரி ஏறியிருந்தா யாரு சார் பதில் சொல்றது?"

ஏற்கெனவே ரிப்போர்ட்டை டைப் பண்ணி அனுப்பிவிட்டிருந்தேன். அதில் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, பணியின்போது மது அருந்தியிருந்தார். இரண்டு, மேலதிகாரியைத் தகாத வார்த்தைகளால் பேசினார்.

அடுத்த நாள் ஆலை டாக்டர் பார்த்து, சுகர் குறைந்ததுதான் என்று எழுதிக்கொடுத்தார். முதல் குற்றச்சாட்டு போயிற்று. எச்ஆர் பொண்ணு என்னிடம் கேட்டாள்: "சார், ரெண்டாவது பாயின்ட்டையும் வாபஸ் வாங்கிடலாமா?"

"அது வேற, இது வேற" என்றேன்.

உண்மை தெரிந்த பிறகு செய்தது இது. தெரியாமல் செய்ததற்காவது ஒரு சாக்கு உண்டு. நாற்பது பேர் முன்னால் ஒரு ஆபரேட்டர் என்னை 'டேய்' என்று சொல்லிவிட்டான், அது சும்மா போகக்கூடாது. அவ்வளவுதான் என் நியாயம்.

மெமோ போயிற்று. அருள்ராஜ் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தார். மூன்று மாசத்தில் வேலையை விட்டுவிட்டார். மண்ணூர் பக்கம் ஒரு குடோனில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். குடித்துவிட்டு வந்தார் என்ற செய்தியைக் கம்பெனி பஸ் அன்று மத்தியானமே ஊர் ஊராக இறக்கிவிட்டது. குடிக்கவில்லை என்ற செய்தியை யார் கொண்டுபோனார்கள்? அது ஃபைலிலேயே இருந்தது.

ஆட்டோவிலிருந்து இறக்கப்பட்ட நாலாம் நாள், சனிக்கிழமை, வடக்குப்பட்டுக்குப் போனேன். இந்த முறை இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான்.

"வாங்க சார்!" என்றார் அருள்ராஜ். அடையாளம் தெரிந்ததே பெரிசு. இளைத்திருந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. சுகரெல்லாம் சரியாகத்தான் இருந்தது! ஒருவழியாக ஆட்டோ கதையைச் சொன்னேன். பேர் வராததை, பின்சீட்டில் சிரித்ததை, நான் கத்தியதை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "ஆமா சார், அப்டித்தான் ஆவும்" என்றார். எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறார்!

"நான் அன்னிக்குப் பண்ணது தப்பு, அருள். மன்னிச்சிடுங்க" என்றேன். முதல்தடவையாக 'ங்க' போட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும். எட்டு வருசமா கேக்கணும்னு கீறேன். அன்னிக்கு நான் இன்னா சார் பேசினேன்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"ஒண்ணுமே ஞாபகம் இல்ல சார். பேப்பரைக் கையில வாங்கினது தெரியும். அப்புறம் டீக்கடைலதான் முழிச்சேன். மெமோல தகாத வார்த்தைன்னு இருந்திச்சு. இன்னா வார்த்தைன்னு இல்ல. பஸ்ல ஆளுக்கொண்ணு சொன்னானுங்க. உங்கம்மாவ சேத்துப் பேசினேன்னு ஒருத்தன் சொன்னான். லைன்ல பொம்பளப் புள்ளைங்களும் நின்னுகினு இருந்தாங்க... அதுக்கப்புறம் கோயில்ல நான் வாசிக்கிறதில்ல சார். ஃபாதர் எத்தினியோ தரம் கூப்ட்டாரு. அந்த மாதிரி பேசின வாயால எப்படி சார் வேதம் படிக்கிறது?"

எட்டு வருஷம்! தான் பேசாத பேச்சுக்காக ஒரு மனுஷன் தன் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார். குரலைத் தவிர பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறெதுவும் இல்லாத மனுஷன். அவர் பேசியது தெரிந்தவன் நான். அதை மெமோவில் எழுதாமல் விட்டவனும் நான். எழுதியிருந்தால் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள், அவரைப் பார்த்து இல்லை.

"அருள், நீங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'டேய், சாப்பிட விடுடா'ன்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

"அவ்ளோதானா?" என்று கேட்டது அருள்ராஜ் இல்லை. ஸ்டெல்லா. சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். "சோறுதான் சார் கேட்டாரு? இதுக்கா மன்னிப்பு எழுதி வாங்கினீங்க? இத எட்டு வருசம் முன்னாடி வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்..."

சொல்லியிருக்கலாம். இருபது நிமிஷம்தான் பைக்கில். சொல்லியிருக்கலாம்.

அருள்ராஜ் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடத்தான் கேட்டேனா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மனைவியிடம் திரும்பி மறுபடியும், "சாப்பிடத்தான் கேட்டிருக்கேன் ஸ்டெல்லா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

ஸ்டெல்லா உள்ளே போனார். திட்டுவதற்கு ஏதாவது எடுக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். தட்டோடு வந்தார். சோறு, மீன் குழம்பு. "மணி ஒண்ணாவுது. உங்களுக்கும் சுகர்ன்றீங்க. சாப்பிட்டுப் போங்க" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் போட்டார். நான் கேட்கவே இல்லை.

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

ஒரு வேண்டுகோள். தெருவிலோ பஸ்ஸிலோ வேலையிடத்திலோ, நாக்கு குழறி, வேர்த்துக் கொட்டி, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறவரைப் பார்த்தால், "சுகர் இருக்கா?" என்று கேளுங்கள். முழுங்குகிற நினைவு இருந்தால் சர்க்கரையோ ஜூஸோ கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அவர் நிஜமாகவே குடித்தவராக இருந்தால்? ஒரு ஸ்பூன் சர்க்கரை நஷ்டம். போகட்டுமே!

கிளம்பும்போது, "இதை என் வாரப் பக்கத்துல எழுதட்டுமா? பேரை மாத்திடறேன்" என்றேன்.

"பேரைப் போட்டே எழுதுங்க சார்" என்றார் அருள்ராஜ். "பேருதான சார் போச்சு."

ஆகவே, என்னுடைய பழைய ரிப்போர்ட்டுக்கு இது திருத்தம். வடக்குப்பட்டு அருள்ராஜ் அன்று குடித்திருக்கவில்லை. யாரையும் தகாத வார்த்தை பேசவில்லை. பசித்தது, சாப்பிடக் கேட்டார். ஊதும் மிஷின் சரியாகத்தான் வேலை செய்தது.

இந்தத் திருத்தம் எட்டு வருஷம் லேட். லைனுக்கு எட்டு நிமிஷம் லேட்டாக வந்தவனுக்கெல்லாம் மெமோ கொடுத்தவன் நான்.